பின்சில்லின் உரசல்

என் கணவர் றுவைஸுக்கு ஆட்களைச் சந்தேகப்படத் தெரியாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கூட வாழ்கிறவளுக்கு அது பெரிய தலையிடி. கிண்ணியாச் சந்தையில் அழுகின தக்காளியைக் கீழே போட்டு மேலே நல்லதை அடுக்கிக் கொடுப்பார்கள். மனுசன் வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அவனும் கவனிக்கல்ல போல" என்பார். வீடு வீடாகப் போய் கரண்ட் மீற்றர் வாசிப்பதுதான் அவருடைய வேலை. "நாய் ஒண்டும் செய்யாது, வாங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதையும் நம்பி உள்ளே போவார். இரண்டு காலிலும் கடி வாங்கிக்கொண்டு வருவார். அடுத்த மாதமும் அதே வீட்டுக்கு அதே மாதிரித்தான் போவார். நான் கத்துவேன், அவர் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அதைக் கொண்டுபோனவன் வேறு யாருமில்லை, என்னோடு கூடப் பிறந்த தம்பி ஸஜ்ஜாத். அவனை மூடி மறைத்துக் கதைக்க எனக்கு என்ன வந்தது? நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கல்யாணமான பிறகு சில வருசம் றுவைஸ் கட்டாரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்தார். அங்கே இருந்து வருகிறவர்கள் டீவி கொண்டுவருவார்கள், கம்பளம் கொண்டுவருவார்கள், பெண்சாதிக்குக் கழுத்து நிறையக் கொண்டுவருவார்கள். என் மனுசன் கொண்டுவந்தது ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தெருவே வந்து வாசலில் நின்றது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே சைக்கிள்! அதுவும் கழற்றிப் போட்ட சைக்கிள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

மலையில் ஓடுகிற சைக்கிள் அது. தடித்த டயர். பிரேக்குக்குச் சில்லின் நடுவில் தட்டையாக ஓர் இரும்புத் தட்டு, டிஸ்க் என்பார்கள். அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் இருந்து கட்டைகள் கவ்விப் பிடித்தால் சைக்கிள் நிற்கும். சீட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிளுக்குப் போல ஒரு சொக் அப்சோபர். பள்ளம் திட்டியில் விழுந்தால் சைக்கிளின் பின்பாதி தன்பாட்டில் ஏறி இறங்கும், இருக்கிறவருக்குக் குலுக்காது. கடலும் வயலுமாகக் கிடக்கிற கிண்ணியாவில் மலை எங்கே இருக்கிறது என்று ஊர் சிரித்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பாலத்தால் ஏறிப் போய், சீனக்குடா தாண்டி, கன்னியாப் பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்கிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு முன்னம் வந்துவிடுவார். சிகரெட் இல்லை, கடைத்தெருவில் நின்று வம்பளப்பது இல்லை. இந்த ஒன்றுதான் ஆசை. போகப் போக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஸஜ்ஜாத் எனக்கு நேர் இளையவன். அவனும் றுவைஸும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பந்து, ஒரே தட்டில் சாப்பாடு. எங்கள் கல்யாணத்தைப் பேசிக்கொண்டு வந்ததே இவன்தான். "ராத்தா, றுவைஸ விட நல்ல மனுசன் உங்களுக்குக் கிடைக்கமாட்டான்" என்று என் முன்னால் வந்து நின்று சொன்னவன். றுவைஸ் கட்டாரில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு மீனும் மரக்கறியும் இவன் கையால்தான் வந்தது. மோட்டார் சைக்கிளில் சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டியைக் கட்டி, ஐஸ் போட்டு, தம்பலகாமம் வரைக்கும் வீடு வீடாக மீன் விற்கிறவன். அவனுக்கும் அவருக்கும் நடுவில் நான் ஏதும் சொன்னால், "மச்சான் அப்பிடிச் செய்யமாட்டான்" என்று றுவைஸ் என் வாயை அடைத்துவிடுவார்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருசம்தான் இது நடந்தது. பதுளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் சைக்கிளில் இறங்குகிற ஒரு போட்டி, நாற்பது வயது தாண்டினவர்களுக்கென்று தனியாக வைத்தார்கள். றுவைஸ் பேர் கொடுத்தார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு போட்டி. அந்த இறக்கத்தின் வீடியோவை போனில் எனக்குக் காட்டினார். பார்க்க ஏலாமல் நான் போனைத் தள்ளிவிட்டேன். கல்லும் வேரும், ஆள் உயரப் படிகளும். "பயப்புடாத, சைக்கிள் தாங்கும்" என்றார். "நானும் வாறன் மச்சான், கடைசி வளைவுல நிண்டு நீ வாறதப் பாக்கணும்" என்றான் ஸஜ்ஜாத். நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இறக்கத்தில் என் மனுசனுக்கு இருந்த ஒரே காப்பு அந்தச் சைக்கிள்தான். அது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

இதற்கிடையில் மாமிக்கு, அவருடைய உம்மாவுக்கு, நெஞ்சில் ஒப்பரேசன் வந்தது. நாங்கள் குடும்பமாகக் கண்டிக்குப் போனோம். போனவர்களுக்குத் திரும்பி வர பஸ் இல்லை, வேன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு கிடந்தோம். வீட்டுத் திறப்பை ஸஜ்ஜாத்திடம் கொடுத்திருந்தோம். பூ மரத்துக்குத் தண்ணி ஊற்றச் சொல்லி, கோழியைப் பார்க்கச் சொல்லி, நான் ஒவ்வொரு நாளும் அவனோடு போனில் கதைத்தேன். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க ராத்தா, எல்லாம் நான் பாக்கன்" என்பான். குரலில் அவ்வளவு இனிப்பு.

மாமி தேறி வீட்டுக்கு வந்தாச்சு. முதல் வெள்ளிக்கிழமையே றுவைஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். வழக்கத்தை விடச் சுறுக்காகத் திரும்பி வந்தார்.

"பின்சில்லுல ஒரு சத்தம் வருது, றஹ்மா. பாலத்துல ஏறக்குள்ள எழும்பி நிண்டு மிதிச்சா சர்க் சர்க் எண்டு டிஸ்க் உரசுது. இருந்துகொண்டு மிதிச்சா ஒண்டுமில்ல."

"எண்ணெய் விடுங்க."

"டிஸ்க்குக்கு எண்ணெய் விட்டா பிரேக்கே பிடிக்காது" என்று சிரித்தார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஜ்ஜாத் வந்தான். றுவைஸ் சும்மா கேட்பது போலத்தான் கேட்டார். அதில் சந்தேகம் மருந்துக்கும் இல்லை.

"நாங்க இல்லாத நேரம் சைக்கிள் கீழ எங்கயும் விழுந்திச்சா மச்சான்?"

"வல்லாஹி இல்ல மச்சான். நீ போத்திட்டுப் போன சீலையக் கூட நான் தூக்கல்ல."

வல்லாஹி என்றால் அல்லாஹ்வின் மீது ஆணை. எங்கள் ஆட்களுக்குள் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு துருவிக் கேட்பதும், தோண்டிப் பார்ப்பதும் அவனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். அதுவும் மச்சான் சொன்னால்? றுவைஸ் அந்தப் பக்கத்துக் கதவை அன்றைக்கே இழுத்துச் சாத்திவிட்டார். சைக்கிளை யாரும் தொடவில்லை, ஆகவே பிழை தானாக வந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அவர் தேடத் தொடங்கினார்.

தேடினார் என்றால் அப்படி ஒரு தேடல். வேலை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் குந்திவிடுவார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றினால் சத்தமே இல்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் தளரவில்லை. ரிம் நேராக ஓடியது. சில்லைப் பிடித்து ஆட்டினார், நடுவில் பெயாரிங்கும் ஆடவில்லை. அச்சை இறுக்கினார். பிரேக்கைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, மறுபடி பூட்டினார். பாலத்துக்குப் போனார். சர்க் சர்க். திரும்பி வந்தார்.

ஸஜ்ஜாத் ஒரு நாளும் தவறவில்லை. அவர் குந்தினால் இவனும் பக்கத்தில் குந்தினான். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான், கழற்றின போல்ட்டுகளை உருளாமல் தட்டில் பொறுக்கி வைத்தான். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனை தேத்தண்ணி!

ஒரு பின்னேரம் றுவைஸ் ஒரு வேலை செய்தார். சைக்கிளைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முன் பிரேக்கை இறுக்கி, ஒரு பெடலில் ஏறித் தன் முழுப் பாரத்தையும் போட்டார். டிஸ்க்குக்கும் கட்டைக்கும் இடையில் மயிரிழை போல ஒரு வெளி இருக்கும். அது தெளிவாகத் தெரிவதற்காக, பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தவன் ஸஜ்ஜாத்.

"என்னடா தெரியுது?"

"இந்தப் பக்கம் மூடுது மச்சான். நீ பாரம் போடக்குள்ள வெளிச்சம் இல்லாமப் போகுது."

"அப்ப டிஸ்க் வளையல்ல. சில்லும் வளையல்ல. பின்பக்கம் முழுக்கச் சாயிது" என்றார் றுவைஸ். வியர்வை வடிந்த முகத்தில் ஒரு சந்தோசம். நோயாளியின் வருத்தம் இன்னதென்று பிடிபட்ட டொக்டர் மாதிரி நின்றார். "எங்கயோ ஒரு இடம் பெலன் இல்ல மச்சான். அது எந்த இடம் எண்டுதான் தெரியல்ல."

"ஓம் மச்சான், எங்கயோ ஒரு இடம்தான்" என்றான் என் தம்பி. வெள்ளைக் கடதாசியைக் கையில் பிடித்தபடியே சொன்னான்.

சைக்கிளின் பின்பாதி ஏறி இறங்குவதற்கு மூட்டு மாதிரிச் சில இடங்கள் உண்டு, உள்ளே சின்னப் பெயாரிங் இருக்கும். அவைதான் தேய்ந்திருக்க வேண்டும் என்று றுவைஸ் முடிவு கட்டினார். திருகோணமலை டவுனில் அருளம்பலம் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். நிலாவெளி ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிற சைக்கிள்களெல்லாம் அவரிடம்தான் போகும். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் கொஞ்சம் காரம். அவர் புதுப் பெயாரிங் போட்டுக் கொடுத்தார். றுவைஸ் ஆசையோடு கொண்டுவந்து பாலத்தில் ஏறினார். சத்தம் முன்னையை விடக் கூடியிருந்தது. போட்டி கிட்ட வந்துகொண்டிருந்தது.

"அந்த ஆள்தான் இறுக்கிக் கெடுத்திருப்பார் மச்சான்" என்றான் ஸஜ்ஜாத். "டவுன்ல எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்றாராம்."

யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுசனுக்குச் சந்தேகப்படக் கற்றுக் கொடுத்தவனும் இவன்தான்! இரண்டு பேருமாகப் போனார்கள். ஆட்கள் நிறைந்திருந்த கடையில், வாழ்க்கையில் குரல் உயர்த்தாத றுவைஸ் குரல் உயர்த்தினாராம். பிறகு அவரே எனக்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நீங்க சைக்கிளப் பழுதாக்கிப் போட்டீங்க அண்ணன்" என்றிருக்கிறார்.

அருளம்பலம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டதாம். "நான் இறுக்கினதில பிழையெண்டா இந்தக் கடையை இண்டைக்கே பூட்டிறன். உரசுறது இடப்பக்கமெண்டதுக்காக நோயும் இடப்பக்கம்தான் இருக்கவேணுமோ? வலப்பக்கக் குழாயில டியூப் சுத்தியிருக்கே, அதை அவிழ்த்துப் பாத்தனீங்களோ?"

செயின் அடித்துக் குழாயில் கீறல் விழாமல் இருக்கப் பழைய டியூப்பைக் கீறி அந்தக் குழாயில் சுற்றிவிடுவது வழக்கம். அதைச் சுற்றியது றுவைஸ்தான், கண்டிக்குப் போவதற்கு முந்தியே சுற்றியது. அவர் வாயைத் திறக்கும் முன்னம் ஸஜ்ஜாத் முந்திக்கொண்டான். "அது மச்சான் தன்ட கையால சுத்தின. அதுக்குள்ள என்ன இரிக்கி? பிழைய ஒத்துக்கொள்ள ஏலாட்டி கதைய மாத்தாதீங்க."

றுவைஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை. "அருளம்பலண்ணனோட அப்பிடிக் கதைச்சிருக்கப்படாது" என்று மட்டும் சொன்னார்.

இனிப் பூனையின் கதை. பக்கத்து வீட்டு ஜெமீலாவின் பூனை ஒன்று. நாங்கள் கண்டியிலிருந்து வந்த நாளிலிருந்து அது எங்கள் முற்றத்தை விட்டுப் போகவில்லை. கோழிக்கிட்டப் போகாது, குசினிப் பக்கம் வராது, சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் அந்த வலப்பக்கக் குழாயை நக்கிக்கொண்டு நிற்கும். நான் செருப்பால் எறிவேன். ஓடிப்போய் மறுபடி வரும். கிறீஸ் மணத்துக்குத்தான் வருகிறதாக்கும் என்று இருந்துவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. றுவைஸ் குளித்துக்கொண்டிருந்தார். பூனை மறுபடி நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் வாளியும் சவர்க்காரமும் கொண்டுபோய்ச் சைக்கிளைக் கழுவக் குந்தினேன். டியூப் மடிப்புக்குள் ஏதோ மினுங்கியது. நகத்தால் கிண்டி எடுத்தேன். மீன் செதில். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். நான் மீன் வியாபாரியின் மகள். ஐஸ் கரைந்த மீன் தண்ணி எப்படி மணக்கும் என்று எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்தக் குடும்பத்தில் மீன் பெட்டி யாரிடம் இருக்கிறது? யாரிடம் திறப்பு இருந்தது? எழும்பிப் போய்க் குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். அறுத்தேன். மூடிவைத்துவிட்டுப் போக எனக்கு ஏலாது, அது என் குணமில்லை.

உள்ளே கறுப்புப் பெயின்ற் அடித்த ஒரு பசை பூசியிருந்தது. கத்தி முனையால் தட்டினதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்குக் கீழே அலுமினியக் குழாயில் முக்கால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. உப்புத் தண்ணி பட்டு வெடிப்போரமெல்லாம் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. "இஞ்ச வாங்க! ஓடி வாங்க!" என்று நான் கத்தின கத்தலில் றுவைஸ் தலையில் நுரையோடு வந்தார்.

குந்திப் பார்த்தார். வெடிப்பைத் தொட்டார். அதற்குப் பக்கத்தில் அமுங்கியிருந்த இரண்டு பள்ளங்களைத் தொட்டார்.

"கரியல் பூட்டியிருக்கு" என்றார் கடைசியில்.

எங்கள் பக்கத்தில் கரியல், அதுதான் பாரம் ஏற்றப் பின்சில்லுக்கு மேலே பூட்டுகிற கம்பித் தட்டு, இல்லாத சைக்கிளைச் சைக்கிள் என்று யாரும் மதிப்பதில்லை. பின்னால் ஒரு மூட்டையோ பிள்ளையோ ஏறாவிட்டால் அது என்ன சைக்கிள்? ஆனால் இந்தச் சைக்கிளின் பின்பாதி ஏறி இறங்குவது, முன்பாதி அசையாதது. கரியலின் தலையைச் சீட்டுக் குழாயிலும் காலைப் பின்குழாயிலும் இறுக்கிவிட்டால், ஒவ்வொரு குழியிலும் பின்பாதி மேலே வரப் பார்க்கும், கரியல் விடாது. மேலே ஐஸ் பெட்டியின் பாரம். ஏதோ ஒன்று முறியத்தான் வேண்டும். இதையெல்லாம் றுவைஸ் ஒரு வகுப்பில் விளங்கப்படுத்துகிறவர் போலச் சன்னக் குரலில் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

"இதுல ஏறி இறங்கினா?" என்று கேட்டேன்.

"முதல் படியிலயே முறிஞ்சிரிக்கும்."

அவர் செய்த முதல் வேலை போனை எடுத்து அருளம்பலம் அண்ணனைக் கூப்பிட்டதுதான். "அண்ணன், நான்தான் றுவைஸ். பிழை என்ட பக்கம். என்ன மன்னிக்கணும்."

அவருடைய குரல் எனக்கும் கேட்டது. "அதை விடுங்கோ தம்பி. நீங்கள் இனி அந்தச் சைக்கிள்ல ஏறாதேங்கோ, அது போதும்."

ஸஜ்ஜாத் வழக்கம் போலப் பின்னேரம் வந்தான். "மச்சான், இண்டைக்கு என்ன கழட்டுறம்?" என்று கேட்டுக்கொண்டே படலையைத் திறந்தான். தலைகீழாக நின்ற சைக்கிளையும், தரையில் கிடந்த டியூப்பையும் கண்டான். அப்படியே நின்றான்.

நான்தான் பாய்ந்தேன். "வாடா வா, நல்லவனே! என்ட தாலியறுக்கவா தினமும் இஞ்ச வந்து தேத்தண்ணி குடிச்ச? உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இரிக்கா? வாப்பா இருந்திருந்தா உன்ன உயிரோட விட்டிருப்பாரா?"

என் கூச்சல் கேட்டு ஜெமீலா வேலியோரம் வந்துவிட்டாள். "என்ன றஹ்மா, என்ன நடந்த?"

"இவன் இவர்ட சைக்கிள்ல மீன் ஏத்தி முறிச்சிட்டு ஒளிச்சு வெச்சிரிக்கான்!"

"அது தெரிஞ்ச விசயந்தானே? பெற்றோல் இல்லாத நாளெல்லாம் ஸஜ்ஜாத் அதுலதானே போன" என்றாள் ஜெமீலா. "தெருவே கண்ட. நீங்க குடுத்திட்டுப் போயிரிக்கீங்க எண்டுதான் நாங்க நெனச்ச."

தெருவே கண்டது. நாங்கள்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறோம். றுவைஸ் ஜெமீலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஸஜ்ஜாத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு, "இரு" என்றார். ஸஜ்ஜாத் இருக்கவில்லை.

"பெற்றோல் இல்ல மச்சான்" என்றான். "வரிசைல நிண்டு நிண்டு பாத்தன். வீட்ட புள்ளையள் பசில கிடக்குதுகள். வேற வழி தெரியல்ல."

"அத நான் கேக்கல்ல. புள்ளையளுக்குச் சாப்பாடு தேடினது பிழை இல்ல. ஒரு போன் கோல் எடுத்திருந்தா நானே எப்பிடிக் கட்டுறது எண்டு சொல்லித் தந்திருப்பன். வெடிச்சதப் பாத்தியா?"

"பாத்தன். வெல்டிங் கடைல காட்டின. அவன்தான் இதப் பூசித் தந்த, டியூப்ப நான் பழையபடி சுத்தின. கல்லு மாதிரி நிக்கும் எண்டான்."

"நான் கேக்கக்குள்ள அல்லாஹ்ட பேரச் சொன்னியே."

ஸஜ்ஜாத் அழத் தொடங்கினான். அழுகையாம் அழுகை! எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. றுவைஸ் கையால் என்னைத் தடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதையும் விடு" என்றார். "பயத்துல வாய் சொல்லிப் போட்டுது. எனக்கு விளங்காதது ஒண்டு இரிக்கி. நான் இஞ்ச குந்தியிருந்து ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டினன். நீ பக்கத்துல இருந்த. கடதாசியப் பிடிச்ச. உன்ட முழங்கால் இந்தக் குழாயில முட்டிக்கொண்டு இருந்திச்சு. ஒரு நாளைக்காவது சொல்லணும் எண்டு வரல்லயா?"

"ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வந்த மச்சான். வாய் வரல்ல. நாள் போகப் போக இன்னும் ஏலாமப் போயிற்று."

"அப்ப பதுளைக்கும் வந்திருப்பாய் என்ன? கடைசி வளைவுல நிண்டிருப்பாய். நான் மேல இருந்து இறங்கக்குள்ள நீ என்னத்த நெனச்சுக்கொண்டு நிக்கிறதா இருந்த?"

ஸஜ்ஜாத் முகத்தைச் சட்டையால் துடைத்தான். "ராத்தா" என்று என்னைப் பார்த்தான், நான் திரும்பி நின்றுகொண்டேன். செருப்பைக் கூட ஒழுங்காக மாட்டாமல் போய்விட்டான். படலை திறந்தபடியே கிடந்தது.

நான் வாயை மூடவில்லை. போனவனையும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்த தெருவையும், பூசிக் கொடுத்த வெல்டிங்காரனையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிக்கொண்டே முற்றத்தைக் கூட்டினேன். றுவைஸ் போட்டி நடத்துகிறவர்களுக்குக் கோல் எடுத்து வரவில்லை என்று சொன்னார். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார். எல்லாம் போட்டு முடித்த பிறகும் எழும்பாமல் அங்கேயே இருந்தார்.

"றஹ்மா."

"சொல்லுங்க."

"கண்டில இருக்கக்குள்ள நீ அவனோட ஒவ்வொரு நாளும் கதைச்ச தானே?"

"ஓம். கோழிக்குத் தீன் போட்டானா எண்டு கேக்கிற. ஏன்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெருவுக்கே தெரிஞ்சிரிக்கி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கும் தெரியுமா?" என்றார்.

கையில் இருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. கத்தி எடுத்து அறுத்தவள் நான். கூவி அழைத்துக் காட்டினவள் நான். சொந்தத் தம்பி என்றும் பாராமல் ஊர் கேட்கக் கிழித்தவள் நான். இத்தனை வருசத்தில் பொய்யா மெய்யா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டறியாத மனுசன். சண்டை பிடிக்க எனக்கு எப்போதும் வார்த்தை தேடத் தேவையில்லை. அன்றைக்கு வந்தது ஒரே ஒரு சொல்.

"இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். முன்னம் என்றால் அவர் பார்த்திருக்கவே மாட்டார்.